கூட்டம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. கேட்டால் ‘திசைதிருப்பாதீர்கள்’ என்கிறார்கள்

தூத்துக்குடிக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வாளர். முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலி. அனுதாபம் வேண்டாம், ஒரு விஷயத்தில் யோசனை வேண்டும்.

எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து பேராசிரியர் சாய்பாபாவுக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். டெல்லி ராம் லால் ஆனந்த் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். சிறுவயதில் போலியோ, 90 சதவீத ஊனம். மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 2014-இல் கைது, 2017-இல் ஆயுள் தண்டனை, நாக்பூர் சிறையின் அண்டா செல் என்கிற தனிமை அறையில் பல ஆண்டுகள். 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, அதே அக்டோபரில் இறந்துபோனார். சுவரொட்டியில் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கூட்டம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

‘நான் எப்படி வருவது?’ என்று குழுவில் கேட்டேன். ‘அதனால் என்ன தோழர், நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம்’ என்று பதில் வந்தது. அன்பாகத்தான் சொன்னார்கள், அது புரிகிறது. ஆனால் எனக்குச் சிறுநீர்க் குழாயும் பையும் இருக்கின்றன, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, யாராவது தப்பாகப் பிடித்து இடித்துவிட்டால் புண் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். இதையெல்லாம் நூற்றைம்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதவா முடியும்? கீழே வேறு இடம் பார்க்கலாமே என்றேன். உடனே, ‘அரசு ஒடுக்குமுறையைப் பேசவேண்டிய நேரத்தில் இதைக் கிளப்பினால் கவனம் சிதறும்’ என்று ஒருவர் எழுத, அதற்கு இருபது கைதட்டல்.

பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு மாதிரி. அங்கே சரிவுப்பாதை இருக்கிறது. கல்வி நிறுவனங்களைத் தரம் பார்க்கிற நாக் குழு வருகிறது என்று அவசரமாகக் கட்டினார்கள். யாராவது பின்னால் பிடித்துக்கொள்ளாமல் இறங்கினால் நேராகச் சுவரில் போய் முட்டும் அளவுக்குச் செங்குத்து. குழு வந்து போனதும் அதன் இரு பக்கமும் பூந்தொட்டி வைத்துவிட்டார்கள், இப்போது நாற்காலி நுழைய இடமில்லை. எங்களுக்கான கழிவறையில் துடைப்பமும் பழைய விடைத்தாள் கட்டுகளும். ஆனால் துறையில் விளிம்புநிலை பற்றி வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு தவறாமல் நடக்கும். ஏபிலிசம், அதாவது ஊனமுற்றவர்களைத் தாழ்வாக நடத்துவது பற்றி, என்னையே கட்டுரை வாசிக்கச் சொல்கிறார்கள். அரங்கு மாடியில் என்பதால் ஜூம் வழியாக!

என் கேள்வி இதுதான். இதை எப்படி எழுப்புவது? ‘எப்போது பார்த்தாலும் சரிவுப்பாதையைப் பற்றியே பேசுகிறவள்’ என்று முத்திரை விழுந்துவிட்டது. யாருக்காவது எங்காவது மாறியிருக்கிறதா?

வெண்கோல்:

கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன், பார்வை இல்லை. உங்களுக்கு மாடிப்படி என்றால் எங்களுக்குக் கோப்புகள். தமிழ்த்துறைகளில் இன்னும் பாதிப் பேர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் அதைத் தமிழாகவே எடுத்துக்கொள்ளாது, சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் வரிசையாகக் கொட்டும். சங்க இலக்கியக் கட்டுரை ஒன்றைத் திறந்து காதில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ‘அரைப்புள்ளி, அடைப்புக்குறி, எக்ஸ்’ கேட்டுப் பாருங்கள், தெரியும். ஒருங்குறியில் (யூனிகோடில்) அனுப்புங்கள் என்று கேட்டால் ‘பழகிப்போச்சு சார்’ என்பார்கள். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், அச்செடுத்து, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புவார்கள். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றிப் படிக்கலாம், பரவாயில்லாமல் வரும். ஆனால் செய்யுளும் அடிக்குறிப்பும் கலந்த பக்கம் என்றால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. மற்றவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வாசிப்பு எனக்கு ஒரு நாள். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணும்போது இந்த ஒரு நாளை யார் எண்ணுகிறார்கள்?

இயக்கம் பற்றி ஒன்று. 2024-இல் மகாவிஷ்ணு என்கிற பேச்சாளர் சென்னை அரசுப் பள்ளியில் பேசியது நினைவிருக்கும். ஊனமாகப் பிறப்பது முற்பிறவிப் பாவம் என்கிற மாதிரி பேசினார். எழுந்து நின்று எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர். அப்புறம் நடந்த விவாதத்தைக் கவனித்தீர்களா? இரண்டே நாளில் அது ஆன்மிகமா பகுத்தறிவா என்கிற சண்டையாகிவிட்டது. மூடநம்பிக்கையை எதிர்க்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் பார்வையற்ற ஆசிரியர்களுக்குப் பாடநூல் எந்த வடிவில் கிடைக்கிறது, விடைத்தாளை யார் வாசித்துக் காட்டுகிறார்கள் என்று கேட்ட முற்போக்காளர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. நாம் அவர்களுக்கு நல்ல உதாரணம், அவ்வளவுதான். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் மட்டும் பொன்னாடை.

செங்கல்சூளை:

சகோதரி, நான் கூட்டம் நடத்துகிற பக்கத்தில் இருப்பவன், அதனால் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு மண்டபம் கிடைப்பதே பெரும்பாடு. பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்துவார்கள், முன்பணம் வாங்கிய பிறகு உளவுத்துறையிடமிருந்து ஒரு போன் போனால் ‘வேற நிகழ்ச்சி இருக்கு’ என்று திருப்பிக் கொடுப்பார்கள். கடைசியில் கிடைப்பது யாராவது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் மாடி. கீழ்த்தளத்தில் கடை வாடகைக்கு விட்டிருப்பார்கள், சங்கம் நடப்பதே அந்த வாடகையில்தான். உண்டியல் குலுக்கி நடத்துகிறவர்களிடம் லிஃப்ட் வைத்த அரங்கு கேட்டால் என்ன செய்ய முடியும்? இதை ஒடுக்குமுறை என்றால் அரசு செய்வதற்கு என்ன பெயர் வைப்பது?

மழைவாசம்:

எனக்கு லூபஸ், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் சிக்கலே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சன் இருக்கிறது, ரத்தம் உறையாமை இருக்கிறது, லூபஸ் இல்லை. அதனால் மாற்றுத்திறனாளி அட்டையும் இல்லை, சலுகையும் இல்லை.

இயக்கத்தில் யாரைப் பாராட்டுகிறோம் என்று பாருங்கள். ‘உடம்பைப் பார்க்காமல் உழைத்தவர்’, ‘காய்ச்சலோடு மேடையேறியவர்’. இரவு முழுக்கச் சுவரொட்டி ஒட்டி, மறுநாள் உச்சிவெயிலில் நிற்பவர்தான் தோழர். நான் நான்கு நாள் வராமல் இருந்தால் ‘ஆர்வம் குறைஞ்சிடுச்சு’ என்கிறார்கள். வெயில் பட்டால் எனக்கு நோய் கிளம்பும் என்று விளக்கினேன், ஒரு அண்ணன் ‘நம்ம சனங்க எல்லாம் வெயில்லதானே வேலை பாக்குறாங்க’ என்றார். வர்க்க உணர்வு இல்லாதவள் ஆகிவிட்டேன்.

ஆய்விலும் அப்படித்தான், வழிகாட்டி மாதா மாதம் ‘எவ்வளவு முடித்தாய்’ என்று மட்டும் கேட்பார். இயக்கத்துக்காக வீட்டிலிருந்தே ஏற்பாடுகள் செய்யலாம், மொழிபெயர்க்கலாம், அறிக்கை எழுதலாம், கணக்குப் பார்க்கலாம். அதையெல்லாம் செய்கிறேன். ஆனால் தெருவில் நின்றவர்களுக்குத்தான் முடிவெடுக்கும் கூட்டத்தில் குரல்.

சேப்பாக்கம்வாசி:

செங்கல்சூளை தோழருக்கு. காசு இல்லை என்பது உண்மை. ஆனால் காசே தேவைப்படாத இடத்திலும் இதேதானே நடக்கிறது? வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம், தெருவில், சமதரையில். போலீஸ் கைது செய்து பேருந்தில் ஏற்றியது. படி உயரம், என்னை ஏற்ற முடியாது. ‘நீ வீட்டுக்குப் போம்மா’ என்று அதிகாரி சொல்லிவிட்டார். மற்ற எல்லோரும் கோஷம் போட்டபடி மண்டபத்துக்குப் போனார்கள், சாயங்காலம் விடுதலையாகிப் படம் போட்டார்கள். நான் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில், ஆட்டோவும் நிற்காமல். அத்தனை பேரில் ஒருவராவது ‘அவரையும் சேர்த்துக் கைது செய், இல்லையென்றால் நாங்களும் ஏற மாட்டோம்’ என்று சொல்லியிருக்கலாம், அதற்கு உண்டியல் தேவையில்லை.

பழங்குடிகளுக்காக உழைத்து, சிறையில் அடைக்கப்பட்ட பாதிரியார் ஸ்டான் சுவாமிக்கு உறிஞ்சுகுழல் தர மறுத்தபோது நாம் எவ்வளவு கொதித்தோம்! திருச்சிப் பக்கத்து மனிதர், எண்பது தாண்டிய வயது, பார்க்கின்சனால் டம்ளர் பிடிக்க முடியாத கை. சிறைக்கு உறிஞ்சுகுழல் வாங்கி அனுப்பியவர்களெல்லாம் உண்டு. அவர் 2021 ஜூலையில் இறந்தபோது அழுதவர்களில் நானும் ஒருத்தி. சிறை செய்தால் நமக்கு உடனே தெரிகிறது. அதே கைநடுக்கத்தோடு ஒருவர் நம் கூட்டத்துக்கு வந்தால் அவருக்கு டீ எப்படிக் கொடுப்போம்? விளிம்புவரை ஊற்றிய காகிதக் கப்பில்தான்.

‘திசைதிருப்பல்’ என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1977 ஏப்ரலில் அமெரிக்காவில், ஊனத்தைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் 504-ஆவது சட்டப் பிரிவுக்கான விதிகளில் கையெழுத்துப் போடச் சொல்லி சான் பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல். தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாத தோழர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். அவர்களுக்குத் தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்தது கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி. ‘இது எங்கள் பிரச்சினை இல்லை, கவனம் சிதறும்’ என்று அவர்கள் சொல்லவில்லை. அரசு அவர்களைப் படுத்திய பாடு நம்மைவிடக் குறைவும் இல்லை. இங்கே ஆந்திராவில் கொடுப்பதுபோல உதவித்தொகை கேட்டு மாற்றுத்திறனாளிகள் சங்கம் மறியல் செய்யும்போது மற்ற இயக்கங்களிலிருந்து எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள்? வாழ்த்துரைக்கு ஒருவர் வருவார், பேசுவார், கிளம்பிவிடுவார்.

விதிப்புத்தகம்:

பல்கலைக்கழகப் பக்கம் மட்டும் சொல்கிறேன், இயக்கச் சண்டைக்குள் நான் வரவில்லை.

பூந்தொட்டி, கழிவறை இரண்டையும் வாயால் சொல்லாதீர்கள். தேதியோடு படம் எடுத்து எழுத்தில் கொடுங்கள். 2016 சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி அரசு நிறுவனம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அது வேலை பார்க்கிறவர்களின் புகாருக்கானது, வெண்கோல் ஐயா பயன்படுத்தலாம். நீங்கள் மாணவர், பதிவாளருக்கே எழுதுங்கள், நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2022-இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே அணுகல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது, அதையும் இணையுங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் ‘முடிந்தால் செய்யலாம்’ என்கிற வகை ஆலோசனையாக மட்டும் இருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்தாலே அலுவலகத்தில் குரல் மாறும்.

இன்னொன்று, 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்கு முனைவர் பட்டத்துக்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் தரலாம் என்று யூஜிசியின் 2022 விதிமுறையில் இருக்கிறது. பல வழிகாட்டிகளுக்கே இது தெரியாது. மழைவாசத்துக்கு அட்டை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது, அதே விதியில் பெண்களுக்கும் அந்த இரண்டு ஆண்டு உண்டு.

செங்கல்சூளை:

பேருந்து விஷயம் சொன்னீர்களே சேப்பாக்கம் தோழர், அதற்கு என்னிடம் பதில் இல்லை. மண்டப விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், கிடைக்கிற இடத்தில்தான் நடத்த முடியும். ஆனால் கிடைக்காதபோது அதை அழைப்பிதழிலேயே போடலாம், ‘மாடி, லிஃப்ட் இல்லை’ என்று. வருகிறவர் வாசல்வரை வந்து திரும்ப வேண்டியதில்லை.

தூத்துக்குடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. விதிப்புத்தகம், கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன், தொட்டிகளைப் படமும் எடுத்தாயிற்று. வெண்கோல் ஐயா, எங்கள் துறை ஆய்வேடுகளை ஒருங்குறியில்தான் வாங்க வேண்டும் என்று இதே கடிதத்தில் சேர்க்கிறேன், நீங்கள் ஒரு பத்தி எழுதித் தந்தால் நன்றாக இருக்கும்.

செங்கல்சூளை அண்ணா, அழைப்பிதழில் போடுவது நல்லதுதான். ஆனால் அதோடு நின்றால் ‘நீ வராதே’ என்று மரியாதையாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இடம் தேடுகிற வேலையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சமுதாயக்கூடம் இருக்கிறது, கீழ்த்தளம், வாசலில் ஒரே படி, பலகை போட்டால் போதும். கழிவறைக் கதவு மட்டும் அகலம் குறைவு.

செங்கல்சூளை:

எத்தனை பேர் உட்காரலாம்? மைக் போட விடுவார்களா? அடுத்த மாதம் ஒரு கூட்டம் இருக்கிறது, எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நாளைக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தூத்துக்குடிக்காரி:

அனுப்பிவிட்டேன். நானும் வருகிறேன், கதவை அளக்க வேண்டும்.