மறு: மறு: ‘ஹைட்ரோதெர்மல் கன்வெக்‌ஷன்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

மேனிலை மாணவர்களுக்கான நிலவியல் நூலின் கடைசி இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அதில் ‘ஹைட்ரோதெர்மல் கன்வெக்‌ஷன்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. குளிர்ந்த நீர் பாறை வெடிப்புகள் வழியே புவி மேலோட்டுக்குள் இறங்குகிறது. ஆழத்தில் மாக்மாவின் சூட்டை வாங்கி, அடர்த்தி குறைந்து, வெப்பத்தையும் கரைந்த உலோகங்களையும் ஏந்திக்கொண்டு மேலே வருகிறது. கன்வெக்‌ஷனுக்கு ‘வெப்பச்சலனம்’ பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. அதன் முன் ‘நீர்வெப்ப’ என்று சேர்த்தால் ‘நீர்வெப்ப வெப்பச்சலனம்’ ஆகிறது. இரண்டு வெப்பங்களில் எதை விடுவது?

தமிழாசிரியர் எழுதியது:

எதை விடுவது என்று கேட்டால், முதலில் ‘சலன’த்தை விடுங்கள் என்பேன். வடசொல். நம்மிடம் சொல் இல்லையா? ‘உகப்பே உயர்தல் உவப்பே உவகை’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. சூடான நீர் உயர்வது உகப்பு. உகளுதல் என்றால் தாவி எழுதல். உச்சி, உம்பர், உயர்வு எல்லாவற்றிலும் அந்த உகரம் மேல்நோக்கியே நிற்கிறது. ஆகவே ‘வெந்நீருகப்பு’.

கூடவே ஒரு வேண்டுகோள். சென்ற மாதம் இதே குழுவில் ஒருவர் ‘வெண்ணீர்’ என்று எழுதியிருந்தார். வெம்மை + நீர். நன்னூலின் ‘ஈறு போதல்’ விதிப்படி மை கெடும். ‘முன்னின்ற மெய் திரிதல்’ விதிப்படி மகரம் நகரமாகும். வெந்நீர். ‘வெண்’ என்று எழுதினால் நிறம் வந்துவிடும். அச்சுக்குப் போகும் நூலில் இந்தப் பிழை இருக்கவே கூடாது.

நிலவியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, வெந்நீரின் புணர்ச்சியை ஏற்கிறேன். உகப்பை ஏற்க முடியவில்லை. ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன’ என்று அதே உரியியல்தான் சொல்கிறது. தொல்காப்பியர் காலத்திலேயே பொருள் சொல்லித் தர வேண்டியிருந்த சொல் அது. இன்று ‘உகந்த’ என்பதை மட்டும் அறிந்த மாணவி, வெந்நீருகப்பு என்றால் வெந்நீரில் விருப்பம் என்றுதான் படிப்பாள்.

அதைவிடப் பெரிய குறை, உகப்பு மேலே எழுவதை மட்டும் சொல்கிறது. இந்த நிகழ்வில் பாதி, இறங்கும் நீர்தான். நடுக்கடல் முகடுகளின் (புதிய மேலோடு உருவாகும் கடலடி மலைத்தொடர்களின்) அருகே அளந்த வெப்பக்கடத்தல், புவித்தட்டுகள் குளிரும் கணக்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. பாறைக்குள் இறங்கிப் பரவும் கடல்நீர் மீதி வெப்பத்தைத் திரட்டிக்கொண்டு போகிறது என்று, வெந்நீர் ஊற்றுகளை யாரும் நேரில் பார்ப்பதற்கு முன்பே ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். 1977இல் பசிபிக் கடலடியின் கலாபகஸ் பிளவில் ஆல்வின் நீர்மூழ்கி அந்த ஊற்றுகளைக் கண்டது. 1979இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் கரும்புகைப்போக்கிகள் தெரிந்தன. கடலடி மேலோடு இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் வழியே போவதாக மதிப்பிடுகிறார்கள்.

இறங்கும் வழியில் நடப்பதைப் பாருங்கள். பெரும்பாலான உப்புகள் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் சல்பேட் அதற்கு நேர்மாறு. நீர் 150 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அது வெடிப்புகளிலேயே படிந்து வழியை அடைக்கத் தொடங்குகிறது. கடல்நீரின் மக்னீசியத்தைப் பாறை எடுத்துக்கொள்கிறது. நீர் அமிலத்தன்மை பெறுகிறது. ஆழத்தில் அந்த அமில நீர் இரும்பையும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொள்கிறது. 350 பாகைச் சூட்டில் நீரின் பாகியல் (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுக்குத் தன்மை), அறை வெப்பநிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் குறுகிய வழியில் வேகமாக மேலே பாய்கிறது. ஏறத்தாழ 2 பாகையில் இருக்கும் கடலடி நீரைத் தொட்டவுடன் சல்பைடுகள் கருந்துகள்களாகப் பிரிகின்றன. ‘கரும்புகை’ என்பது அதுதான். எரிவதால் வரும் புகை அல்ல.

பாத்திரத்து நீர் சூடாகும் படத்தை வைத்தே மாணவர்கள் வெப்பச்சலனத்தைப் படித்திருக்கிறார்கள். அங்கே அதே நீர் சுற்றுகிறது. இங்கே கடலிலிருந்து நுழைந்த நீர் வேறொரு நீராகக் கடலுக்குத் திரும்புகிறது. இறங்குதல், மாறுதல், ஏறுதல் மூன்றுக்கும் இடம் தரும் சொல்லாக ‘வெந்நீர்ச் சுற்றோட்டம்’ என்பதை முன்வைக்கிறேன். தூய தமிழும்கூட, ஐயா.

இலங்கை நண்பர் எழுதியது:

எங்கள் பாடநூல்களில் கன்வெக்‌ஷன் ‘மேற்காவுகை’. காவுதல் என்றால் சுமத்தல்; வெப்பத்தைச் சுமந்து செல்வது அதில் இருக்கிறது. ‘நீர்வெப்ப மேற்காவுகை’ என்றால் வெப்பம் இரு முறை வராது. ‘மேல்’ என்பதற்கு ஆசிரியை சொன்ன குறை இதற்கும் பொருந்தும், தெரியும். ஆனாலும் இரு நாட்டு மாணவர்களுக்கும் ஒரே சொல் இருந்தால் நல்லது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். யாரும் செவிமடுப்பதில்லை.

பொறியாளர் எழுதியது:

சுற்றோட்டம் இங்கே போதாது. குழாயில் பம்பு வைத்து நீரைச் சுற்றவிட்டாலும் அது சுற்றோட்டம். கன்வெக்‌ஷன் என்று சொல்ல, அடர்த்தி வேறுபாடு அதை ஓட்ட வேண்டும். கீழிருந்து சூடேறும் சீரான நுண்துளை அடுக்கில், ராலே எண் (அடர்த்தி வேறுபாட்டின் உந்துதலை, அதைத் தடுப்பவற்றோடு ஒப்பிடும் எண்) ஏறத்தாழ 39.5ஐத் தாண்டினால்தான் ஓட்டம் தொடங்கும். அதற்குக் கீழே வெறும் கடத்தல். இந்த எல்லைக்கோட்டைச் சொல்லாத சொல் வகுப்பில் உதவாது.

‘வெந்நீர்’ என்பதும் இடறும். தூய நீருக்கு 374 பாகையும் கடல்நீருக்கு 407 பாகையும் மாறுநிலை வெப்பநிலை. மாக்மாவை ஒட்டிய ஆழத்தில் இந்த எல்லைகள் கடக்கப்படும் இடங்கள் உண்டு. அங்கே திரவம், ஆவி என்ற பாகுபாடே மங்கிவிடுகிறது. திரவம், வாயு இரண்டுக்கும் பொதுவான ‘பாய்மம்’ என்று வந்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. ‘வெப்பப் பாய்மச் சலனம்’ என்று ஒரு முறை எழுதிப் பார்த்தேன், பதிப்பாசிரியர் மறுத்துவிட்டார். தனிமடலில் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ‘நீர்வெப்பச் சலனம்’ போதும் என்கிறார்கள். அதையே இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் இறங்கும் நீரைப் பற்றி ஆசிரியை எழுதிய விளக்கத்தைச் சுருக்கிச் சேர்க்கிறேன்.

நிலவியல் ஆசிரியை எழுதியது:

விளக்கம் சேர்ப்பதற்கு நன்றி. ஆனால் ‘நீர்வெப்பச் சலனம்’ என்பதை வாய்விட்டுப் படிக்கும்போது, ‘நீர்வெப்ப’ என்று பிரிக்கிறேனா, ‘வெப்பச்சலனம்’ என்று பிரிக்கிறேனா என்று மாணவிக்குத் தெரியாது. இரண்டாவது வகையில் பிரித்தால் பாத்திரத்து நீரும் அதில் அடங்கிவிடும். என் வகுப்பில் ‘சுற்றோட்டம்’ என்றே சொல்லப் போகிறேன். எது ஓட்டுகிறது என்பதை அடுத்த வரியில் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த பதிப்பு வரும்போது இந்த இழையை மீண்டும் திறப்பேன்.

தமிழாசிரியர் எழுதியது:

‘சலனம்’ அச்சேறுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வெந்நீருக்கு இரண்டு நகரம்.