சினை மாடு அறுப்பு: அஞ்சு மாசத்துல தெரியுமா, தெரியாதா?

சிரியம் உழவன்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதினது: "சினை மாட்டை அறுத்தாலும் போறது ஒரு மாடுதான், இதுல தனி நட்டம் என்ன? அஞ்சு மாசம் வரைக்கும் சினைன்னே யாருக்கும் தெரியாது." படிச்சதுல இருந்து வயிறு எரியுது. போறது ஒரு மாடா? வயித்துல இருக்கிற கன்னு கிடேரியா இருந்தா மூணு நாலு வருசத்துல அதுவும் ஈனும். காளையா இருந்தா அதே வயசுல நுகத்துக்கு வரும். அந்த ஈத்துப் பால் போச்சு. தாய் இன்னும் ஈன வேண்டிய ஈத்தெல்லாம் போச்சு. ஒன்பது மாசம் பத்து நாள் சுமக்கிறதுல பாதி நாள் தீனி போட்டவன் நான். கத்தி வச்சவன் ஒரு பிடி வைக்கோல் போட்டானா?

பெகு தரகன்:
எழுதினவன் நான்தான். இப்பவும் சொல்றேன், அஞ்சு மாசத்துல தெரியாது. முப்பது வருசமா மாடு பிடிக்கிறேன். வயிறு பெருத்திருந்தா நல்லாத் தின்ன மாடுன்னுதான் எடுப்போம். நட்டம் உனக்கில்ல, எனக்கு. உயிர் எடைக்குக் காசு கொடுக்கிறேன். அறுத்தா பனிக்குடத் தண்ணி, பை, கன்னுன்னு அத்தனை வீசையும் குப்பைக்குப் போகுது.

சிரியம் உழவன்:
தெரியாதா? மாட்டு டாக்டர் கையை விட்டா ரெண்டு மாசத்துலயே சொல்லிடுவார். 2008ல நம்ம பர்மாவை அடிச்ச நர்கீஸ் புயல்ல எங்க ஜோடி மாடு ரெண்டும் செத்துச்சு. மிஞ்சினது ஒரு செவலைப் பசு. நடவுக் கடனுக்காக எங்க அண்ணன் அதை வித்துட்டார். நான் பின்னாடியே ஓடினேன், போய்ச் சேரும்போது முடிஞ்சிருந்துச்சு. தரையில கிடந்த கன்னு பெரிய பூனை அளவு. உடம்புல முடி இல்ல. குளம்பு மெழுகு மாதிரி மஞ்சளா, நகம் பட்டா கீறும் போல இருந்துச்சு. அஞ்சு மாசம். வாங்கினவனுக்குத் தெரியாதாம்!

பெகு தரகன்:
அஞ்சு மாசம்னு நீயே சொல்லிட்ட. அதைத்தான் நானும் சொல்றேன், தெரியாது.

மோல்மீன் தம்பி:
அண்ணே, நுகம் நுகம்னு எழுதுறீங்க. எங்க பக்கம் இப்ப கை டிராக்டர்தான். காளைக் கன்னை நாலு வருசம் வளர்த்து யார் உழப் போறா?

சிரியம் உழவன்:
தம்பி, டீசல் விலை ஏறின அன்னைக்கு உன் கை டிராக்டர் வைக்கோல் தின்னு ஓடுமா? சாணியாவது போடுமா? வரப்பு மிதிக்காதவன் எல்லாம் உழவு பேச வந்துட்டான்.

மோல்மீன் தம்பி:
எங்க அப்பா காலத்துல எங்களுக்கும் நிலம் இருந்துச்சு. அது போன கதையை இங்க கிளறாதீங்க.

பீலிக்கான் அக்கா:
நான் பத்து வருசம் மாட்டு டாக்டர்கிட்ட உதவிக்கு நின்னவ. முதல்ல கிடேரியா ஈன்ற பசுவான்னு சொல்லுங்க. கிடேரிக்கு அஞ்சாவது மாசத்துக்கு மேல மடி மாற ஆரம்பிக்கும், கண்ணாலயே ஓரளவு பிடிக்கலாம். ஈன்ற பசுவுக்குக் கடைசி வாரங்கள்லதான் மடி விடும். இன்னொண்ணு, அஞ்சாறு மாசத்துல கருப்பை கீழ இறங்கிடும், கன்னு கைக்குச் சரியா எட்டாது. அப்ப கருப்பைக்குப் போற ரத்தக் குழாயைத் தொட்டுப் பார்ப்பாங்க. சாதாரணத் துடிப்பு இல்ல, விர்ருனு ஒரு அதிர்வு வரும்.

பெகு தரகன்:
பார்த்தீங்களா, டாக்டர் கைக்கே எட்டாதுன்னு அக்காவே சொல்லிட்டாங்க!

சிரியம் உழவன்:
அதிர்வு தெரியும்னும் அவங்கதான் சொன்னாங்க. மீதியைப் படிக்க மாட்டியா? 2017ல உயிர் மாடு ஏத்துமதிக்கு அனுமதி வந்ததும் சீன எல்லையில இருக்கிற மூசே வழியா லாரி லாரியா ஓட்டினவங்க எல்லாம் உன் மாதிரிதான். அரைகுறையாப் படிச்சு, முழுசா சம்பாதிச்சு.

பெகு தரகன்:
நான் மூசே பக்கமே போனதில்ல. வாயை அளந்து பேசு.

மோல்மீன் தம்பி:
வெளிநாட்டுல அறுக்கிற இடத்துல கிடைக்கிற அந்தக் கன்னு ரத்தத்துல சீரம் பிரிச்சு, செல் வளர்க்கிற ஆய்வுக்கூடங்களுக்கு நல்ல விலைக்கு விக்கிறாங்க. அப்ப எல்லாமே நட்டம்னு எப்படிச் சொல்ல முடியும்? மாடு அறுக்கவே கூடாதுன்னு பிரதமர் ஊ நு தடை போட்டார், ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சு 1962ல எடுத்தார். தடை போட்டு என்ன ஆச்சு?

சிரியம் உழவன்:
தடை கேட்டது யாரு? சினை மாட்டை விடுன்னுதான் கேட்டேன். சீரம் விக்க உன் மோல்மீன்ல கூடம் இருக்கா? இங்க அது நாய்க்கும் காக்காவுக்கும்தான் போகுது. எங்க கண்டசாலா மாமா ரெண்டு கிடேரி வச்சு ஆரம்பிச்சு பன்னெண்டு மாடு ஆக்கினார். அந்த ரெண்டையும் சினையா இருக்கும்போதே வித்திருந்தா அவர் கையில என்ன மிஞ்சியிருக்கும்? கணக்குத் தெரிஞ்ச யாராவது பதில் சொல்லுங்க.

பீலிக்கான் அக்கா:
நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. கிடேரியா, பசுவா?

பெகு தரகன்:
எதுவா இருந்தாலும் சந்தையில கையை விட்டுப் பார்க்க மாட்டுக்காரன் விடுவானா? கடன்காரன் வாசல்ல நிக்கிறப்ப சினைன்னு அவனே வாயைத் திறக்க மாட்டான். உங்க அண்ணன் சொன்னாரா?

சிரியம் உழவன்:
எங்க அண்ணனை இழுக்காத. அவர் இப்ப உயிரோட இல்ல. செவலைக்கு இன்னும் நாலு ஈத்தாவது பாக்கி இருந்துச்சு. அந்த நாலு கன்னுக்கு என்ன விலை? அதைச் சொல்லு.

பெகு தரகன்:
சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அஞ்சு மாசத்துல தெரியாது.