ஒரே டெக்கைப் பிடித்து ஆடுபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே, சத்துவாச்சாரியில் இருந்து எழுதுகிறேன். தினமும் காட்பாடியில் ரயில் ஏறியதும் ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டுதான். இரண்டு ஆட்டம் தோற்றாலே டெக்கை (ஆடுவதற்கு நாம் சேர்த்து வைக்கும் கார்டுக் கட்டை) மாற்றிவிடுவது என் வியாதி. இந்த மாதம் அதை விட்டுவிட்டு, 30 கார்டில் ஒன்றைக்கூடத் தொடாமல் ஹன்டர் என்ற கிளாஸின் (ஹீரோ வகையின்) ஒரே டெக்கை ஆடுகிறேன்.

நேற்று வாலாஜா ரோடு தாண்டும்போது எதிராளிக்கு உயிர் 7. களத்தில் இறக்கிய என் மினியன்களின் (சண்டை போடும் கார்டுகளின்) அடி 5, ஹீரோ பவரில் (ஹீரோவின் சொந்தத் திறனில்) இன்னும் 2, தடுக்க டான்ட்டும் (முதலில் தன்னையே அடிக்க வைக்கும் மினியனும்) இல்லை. கூட்டிப் பார்க்காமல் அவர் மினியனை அடித்தேன். அடுத்த முறையே உயிர் ஏற்றிக்கொண்டார். அப்புறம் என்ன, தோல்விதான். பக்கத்து சீட்டுத் தாத்தா பார்த்துச் சிரித்தார், அவருக்கு என்ன புரிந்ததோ!

இது கவனக்குறைவு, சரி. மல்லிகன்தான், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் வேண்டாத கார்டைத் திருப்பி அனுப்பி வேறு வாங்குவதுதான், பிடிபடவில்லை. முதலில் ஆடும்போது வரும் 3 கார்டுக்கும், இரண்டாவதாக ஆடும்போது 4 கார்டோடு காயினும் (கார்டு இறக்க ஒரு முறை கூடுதல் சக்தி தருவது) இருப்பதற்கும் ஒரே கணக்கா? எதிராளியின் கிளாஸைப் பார்த்து எதைத் திருப்பி அனுப்புவீர்கள்? எத்தனை ஆட்டம் ஆடினால் தப்பு டெக்கிலா என்னிடமா என்று தெரியும்? வேலூர்க்காரர்கள் இருந்தால், ஞாயிறு மாலை கோட்டைப் பக்கம் உட்கார்ந்து ஆடலாம். டீ என் செலவு.