டவர் மூடிய பிறகு வானிலை எங்கே கேட்பது?

கிராஸ்கன்ட்ரி:
அமெரிக்கக் கிழக்குக் கரையில், இரவு 9 மணிக்கு டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) மூடிவிடும் ஒரு விமான நிலையத்துக்கு ஐஎஃப்ஆரில் (கருவிகளை நம்பிப் பறக்கும் விதிப்படி) போகணும். இறங்கும்போது பத்தரை ஆகிடும். காற்று, மேக உயரம், ஆல்டிமீட்டர் செட்டிங் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்) எல்லாம் யார் தருவாங்க? ஏடிஐஎஸ் (டவர் பதிந்து ஒலிபரப்பும் வானிலைச் செய்தி) போதுமா? டேப்லெட்டில் வரும் மெட்டாரை (எழுத்தில் வரும் வானிலை அறிக்கையை) வைத்தே அப்ரோச் (கருவி உதவியோடு இறங்க அணுகுவது) போகலாமா?

விங்டிப்:
முதல் வேலையா சார்ட் சப்ளிமென்ட்டில் (விமான நிலைய விவரங்கள் உள்ள கையேட்டில்) அந்த நிலையத்தைப் பாருங்க. டவர் நேரம் ஜூலுவில் (உலகப் பொது நேரமான யுடிசியில்) இருக்கும். பக்கத்தில் இரட்டைச் சிலுவைக் குறி இருந்தால், கோடைக்கால நேரத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்துக்கணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதே பதிவில் ஏஎஸ்ஓஎஸ் அல்லது ஏடபிள்யூஓஎஸ் (இரண்டும் தானியங்கி வானிலை நிலையங்கள்) அலைவரிசையும் போன் நம்பரும் இருக்கும். கிளம்பும் முன் அந்த நம்பருக்குப் போன் போட்டால், மேலே ரேடியோவில் கேட்கப்போகும் அதே தானியங்கிக் குரலைத் தரையிலேயே கேட்டுவிடலாம்.

நிறைய இடங்களில் டவர் மூடியதும் ஏடிஐஎஸ் அலைவரிசையிலேயே தானியங்கி வானிலை ஓடும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கேட்கும்போது நேரத்தைக் கவனிங்க. "இன்ஃபர்மேஷன் கிலோ, 0053 ஜூலு" என்று வந்தால் அது டவர் மூடும் முன் பதிந்தது. கோடையில் அது உள்ளூர் இரவு 8:53; உங்கள் பத்தரைக்கு ஒன்றரை மணி நேரப் பழசு. "ஆட்டோமேட்டட் வெதர் அப்சர்வேஷன், 0228 ஜூலு" என்று வந்தால்தான் இப்போதைய நிலவரம்.

சீலோமீட்டர்:
மெட்டார் திட்டம் போட உதவும்; இறங்கும் நேரத்தில் குரலைத்தான் கேட்கணும். ஏஎஸ்ஓஎஸ் மெட்டார் வழக்கமாக மணிக்கு ஒருமுறைதான், குரல் நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்கப்படும். இன்னொன்று: மெட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்குப்படி, ரேடியோவில் காந்த வடக்குப்படி. ரன்வே எண்ணும் காந்த வடக்குப்படிதான் என்பதால் குரலில் வருவதை அப்படியே ஒப்பிடலாம்.

கருவிக்கும் எல்லை உண்டு. மேகத்தை அளக்கும் சீலோமீட்டர் தன் தலைக்கு நேர் மேலே மட்டும்தான் பார்க்கும். கடந்த 30 நிமிட அளவுகளைச் சேர்த்துத்தான் மேக உயரத்தைச் சொல்லும். விசிபிலிட்டி (கண்ணுக்குத் தெரியும் தூரம்) 10 நிமிடச் சராசரி. பனிமூட்டம் ரன்வேயின் மறுமுனையில் இறங்கினால் அதற்குத் தெரியவே தெரியாது. வெப்பநிலைக்கும் டியூ பாயின்ட்டுக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) வித்தியாசம் 2 டிகிரிக்குள் சுருங்கினால், "விசிபிலிட்டி 10" (மைல்) என்று சொன்னாலும் மாற்று நிலையத்துக்கு எரிபொருள் இருக்கிறதா என்று பாருங்க.

கிராஸ்கன்ட்ரி:
நன்றி. மற்றதெல்லாம் வந்து ஆல்டிமீட்டர் மட்டும் "மிஸ்ஸிங்" என்று வந்தால்?

விங்டிப்:
அப்ரோச் பிளேட்டின் (அப்ரோச் வழியைக் காட்டும் வரைபடத்தாளின்) குறிப்பைப் படிங்க. உள்ளூர் செட்டிங் கிடைக்காவிட்டால் எந்த நிலையத்தின் செட்டிங்கை எடுக்கணும், டிஏ அல்லது எம்டிஏவை (ரன்வே தெரியாமல் அதற்குக் கீழே போகக்கூடாத உயரத்தை) எத்தனை அடி கூட்டணும் என்று போட்டிருக்கும். அந்தச் செட்டிங்கை சென்டரிடமே (வழியில் உங்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையம்) கேட்டு வாங்கலாம். சில பிளேட்டில் உள்ளூர் செட்டிங் இல்லாவிட்டால் அப்ரோச்சே கூடாது என்றிருக்கும். அங்கே பேச்சுக்கே இடமில்லை, மாற்று நிலையம்தான்.

தோராயமாக வேறு நிலையத்து எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டாம். உண்மையான செட்டிங் 29.62 இருக்க, நீங்கள் 29.92 வைத்திருந்தால் கருவி காட்டுவதைவிட 300 அடி கீழே இருப்பீங்க. மினிமம்ஸுக்கு (அந்தக் குறைந்தபட்ச உயரத்துக்கு) அருகில் அந்த 300 அடிதான் மரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

சீலோமீட்டர்:
மாற்று நிலையம் தேர்ந்தெடுக்கும்போதும் பாருங்க: டவர் மூடியிருந்தாலோ உள்ளூர் வானிலை இல்லாவிட்டாலோ சில அப்ரோச்சுகளை மாற்றுக்குக் கணக்கில் எடுக்க முடியாது. பிளேட்டில் முக்கோணத்துக்குள் 'ஏ' இருந்தால் மாற்று மினிமம்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்க.