அப்பாவின் பழைய பங்குப் பத்திரம்: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அப்பா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தியபோது, வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் பழுப்பேறிய உறை ஒன்று கிடைத்தது. உள்ளே 1994ஆம் ஆண்டின் பங்குப் பத்திரம். 100 பங்குகள், ஒன்றின் முகமதிப்பு (பத்திரத்தில் அச்சிட்ட மதிப்பு) 10 ரூபாய். உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தில் “பத்திரம்” என்று எழுதியிருந்தது.

“ஆயிரம் ரூபாய்தானே, விடு” என்றார் அம்மா. முகமதிப்பு வேறு, சந்தை விலை வேறு என்பதை நானே இரண்டு நாள் படித்துத்தான் புரிந்துகொண்டேன். இடையில் 10 ரூபாய்ப் பங்கை 2 ரூபாயாகப் பிரித்திருந்தால் அந்த 100 இன்று 500. இலவசமாகப் போனஸ் பங்கு கொடுத்திருந்தால் இன்னும் கூடும்.

2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை விற்றுப் பெயர் மாற்ற முடியாது; வாரிசுக்கு மாற்றுவது விதிவிலக்கு என்று படித்தேன். இதில் நாமினி பெயர் இல்லை. முதலில் எங்கே போவது? பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும், நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடமா, அம்மா பெயரில் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) தொடங்கவா? வாரிசுச் சான்றிதழ் போதுமா, நீதிமன்றம் வரை போக வேண்டுமா?

ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை (டிவிடெண்ட்) வாங்காவிட்டால் பங்குகளே அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் (IEPF) போய்விடுமே, அதுதான் பெருங்கவலை. அது வந்திருக்கிறதா என்று அப்பாவின் பாஸ்புக்குகளை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பங்குகளை மீட்டுத் தருவதற்குப் பாதித் தொகை கேட்டு ஒரு தரகர் நச்சரிக்கிறார். கையெழுத்திட எனக்கு மனமில்லை. தாங்களே அலைந்து மீட்டவர்கள் யாராவது இருந்தால், எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.