1350 லிட்டர் தொட்டியில் 10 கோய் மீன் தாங்குமா?

வேம்படி:
வீட்டு முன்னாடி சிமெண்ட் தொட்டி கட்டி முடிச்சாச்சு. நீளம் 6 அடி, அகலம் 4, ஆழம் 2. கணக்குப் போட்டா 1350 லிட்டர் வருது. ஞாயித்துக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய் 3 இன்ச் கோய் 10 எடுக்கலாம்னு இருக்கேன். எடுக்கும்போது என்ன பார்க்கணும்?

குளத்துக்காரி:
தம்பி, மீனுக்கு முன்னாடி தொட்டியைப் பாருங்க. புது சிமெண்ட்ல சுண்ணாம்பு கசியும், பி.எச்., அதாவது தண்ணியோட காரத்தன்மை, எகிறிடும். வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, தண்ணியை இறைச்சுட்டு மறுபடி நிரப்புங்க. ரெண்டு மூணு தடவை. அப்புறம் அந்த 10 வேணவே வேணாம். கோய் கெண்டை சாதி, நல்லா வளர்ந்தா 2 அடி. உங்க தொட்டி ஆழமே அவ்வளவுதான்! கோல்டுஃபிஷ் நாலு விட்டு நிம்மதியா இருங்க.

கொல்லை மூர்த்தி:
அக்கா வந்துட்டாங்க பயமுறுத்த. 2 அடி எல்லாம் ஜப்பான்ல, நீகாதா பக்கம் மண்குளத்துல விட்டு வளர்க்கிற மீன். இங்க கிடைக்கிறது பெரும்பாலும் நம்மூர்க் குஞ்சு. என்கிட்ட 1500 லிட்டர்ல 8 ஓடுது, 4 வருஷமா. பெருசே 11 இன்ச்தான். தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும்.

குளத்துக்காரி:
தகுந்தபடி வளரல மூர்த்தி, வளர வழியில்லாம நின்னுபோச்சு. மீன் செவுள் வழியா அம்மோனியாங்கிற விஷக் கழிவை விட்டுக்கிட்டே இருக்கு. அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் விஷம் குறைஞ்ச நைட்ரேட்டாக்குற பாக்டீரியா புது ஃபில்டர்ல நிலைக்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். முதல் நாளே 10 மீனை இறக்கினா அதுங்க கதி? பி.எச். ஏற ஏற, சூடு ஏற ஏற அந்த அம்மோனியா இன்னும் விஷம். காத்தும் பத்தாது. 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரில ஏழரைதான். சித்திரை வெயில்ல 2 அடித் தண்ணி எப்படிக் கொதிக்கும்னு நான் சொல்லணுமா?

கொல்லை மூர்த்தி:
தினம் காலையில 150 லிட்டர் இறக்கி வாழைக்கு விடுறேன். டெஸ்ட் கிட்ல அம்மோனியா என்னைக்கும் மஞ்சள்தான், அதாவது இல்லைன்னு அர்த்தம்; பச்சை பார்த்ததில்ல. அந்தத் தண்ணில வாழை தள்ளியிருக்கிற தாரை வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்.

குளத்துக்காரி:
அப்ப ஃபில்டர் நீங்கதான். ஃபில்டர் ஊருக்குப் போனா?

கொல்லை மூர்த்தி:
போனேன். போன வருஷம் மே, தங்கச்சி கல்யாணம். ராத்திரி கரண்ட் போய் ஏர் பம்ப் நின்னுடுச்சு. விடிஞ்சு பக்கத்து வீட்டுப் பையன் போன் பண்றான், மூணு மிதக்குதுன்னு. 11 இருந்தது 8 ஆச்சு. இப்ப பேட்டரி பம்ப் மாட்டியிருக்கேன்.

குளத்துக்காரி:
8 ஓடுதுன்னு பெருமையா சொன்னப்ப இந்த 11 எங்க போச்சு?!

ஆவடி ரவி:
அவர் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கு. வேம்படி, கடையில வெள்ளை பேசின்ல மீனை விடச் சொல்லி மேல இருந்து பாருங்க, கோய் மேல இருந்து ரசிக்கிற மீன். முதுகு நேரா இருக்கணும், ரெண்டு செவுள் மூடியும் ஒரே மாதிரி அசையணும். துடுப்பை ஒட்டவெச்சுக்கிட்டு மூலையில தனியா நிக்கிறதைத் தொடாதீங்க. வெள்ளையில சிவப்பு, கோஹாக்குன்னு சொல்லி விலை ஏத்துவாங்க. 3 இன்ச்ல இருக்கிற சிவப்பு வளர வளர மங்கலாம், கலையலாம். அதுக்குன்னு கூட காசு கொடுக்காதீங்க. முதல் ரெண்டு மூணு ராத்திரி துள்ளி வெளிய விழும், வலை போட்டுடுங்க. கொக்குக்கும் அதே வலைதான், 2 அடி ஆழத்துல ஓரமா நின்னே கொத்திட்டுப் போயிடும்.

கொல்லை மூர்த்தி:
சரி, 10 கொஞ்சம் அதிகம்தான். 4 விடுங்க. கோல்டுஃபிஷ்னு மட்டும் இறங்காதீங்க.

குளத்துக்காரி:
இந்த ஆழத்துக்கு 4-உம் அதிகம். நான் மாறப்போறதில்ல.

வேம்படி:
மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். சுவரை ஒன்றரை அடி ஏத்தினா 2370 லிட்டர் வரும். அப்புறம் 3 கோய், அதோட நிறுத்திக்கிறேன். கொளத்தூர் பயணம் தள்ளிப்போச்சு, அம்மாகிட்ட திட்டு வாங்கியாச்சு. புதுப் பூச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து ஊறவைக்கணும் இல்லையா? மூர்த்தி அண்ணா, அந்தத் தாரை வெட்டும்போது தண்டை எனக்கு எடுத்து வைங்க.