எலும்பு ஒட்டிவிட்டதாம், காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை

பம்பலப்பிட்டி தையல்காரி:

வணக்கம். நான் வீட்டில் இருந்து சாறி பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். வயது 47. காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் லேன் ஒன்றில், லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். 48 படி. ஐந்து மாதமாக எனக்கு உலகம் என்றால் இந்த 48 படிதான்.

வெசாக் முடிந்த கிழமை, பின்னேரம் திடீரென்று மழை பிடித்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட உடுப்பை அள்ளிக்கொண்டு இறங்கினேன். நெஞ்சுவரை உடுப்புக் குவியல், படி கண்ணில் படவில்லை. திருப்பத்தில் பாசி. வலது கால் உள்பக்கமாக மடிந்தது, முருங்கைக் கொப்பு முறிவது போல ஒரு சத்தம். கணுக்காலின் இரண்டு பக்கமும் முறிவு. வெளிப்பக்கம் ஒரு பிளேட்டும் ஏழு ஸ்குரூவும், உள்பக்கம் இரண்டு ஸ்குரூவும் வைத்தார்கள்.

ஆறு கிழமை கால் நிலத்தில் படவே கூடாது என்றார்கள். பிறகு ஒரு மாதம் பெரிய பிளாஸ்டிக் பூட்ஸ். கொழும்பு வெக்கையில் அதைப் போட்டவர்களுக்குத் தெரியும், கழற்றினால் கால் தேத்தண்ணியில் ஊறிய பாண் மாதிரி இருக்கும். ஆடிவேல் தேர் வந்தபோது எல்லாரும் கீழே போய்விட்டார்கள். நான் கட்டிலில் இருந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், "வடிவாக ஒட்டிவிட்டது, இனி நடக்கலாம்" என்றார். இரண்டு நிமிடம்தான். நான் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பயிற்சி என்று நாலு படம் போட்ட ஒரு பேப்பர் தந்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது நிலைமை இது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி மரக்கட்டையில் நடப்பது போல. பிறகு இளகும். மத்தியானம் தாண்டினால் வீங்கத் தொடங்கும். என்னிடம் டேப் இருக்கிறதே, ஒவ்வொரு இரவும் அளந்து கொப்பியில் எழுதுகிறேன்: இடது கணுக்கால் ஒன்பதரை அங்குலம், வலது பத்தே முக்கால். வெட்டின தழும்புக்கு முன்னால், பாதத்தின் மேலே கொஞ்ச இடம் மரத்துப் போயிருக்கிறது. படி ஏறிவிடுவேன். இறங்கும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறேன்.

தையல் மெஷின் பெடல் வலது காலுக்கு. இருபது நிமிடம் மிதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. தீபாவளி வருகிறது. வழக்கமாக இந்த நேரம் நாற்பது பிளவுஸ் கையில் இருக்கும். லைனிங் வாங்கப் புறக்கோட்டைக்கு 101 பஸ்ஸில் போய் வருகிறவள், இப்போது ஓட்டோவுக்கே போக வர ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறேன்.

வலியைவிட என்னை அரிக்கிறது "இன்னுமா?" என்ற கேள்விதான். கீழ் வீட்டுக்காரி கேட்கிறா, மச்சாள் கேட்கிறா, அளவு கொடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். எலும்பு ஒட்டிய பிறகும் நொண்டினால் நடிப்பு என்று நினைக்கிறார்களோ தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள்: மழை மணம் வந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

ஐந்து மாதத்தில் இப்படி இருப்பது வழமையா? ஒப்பரேஷன் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை பெடியன்:

அன்ரி, எனக்கும் கணுக்கால்தான், புட்போல் விளையாடும்போது போனது. பிளேட் இல்லை, ரெண்டு ஸ்குரூ மட்டும். மூன்று மாதத்தில் நடந்தேன், நாலாம் மாதம் மெதுவாக ஓடினேன். பயப்படாமல் நடங்கள், நடக்க நடக்கத்தான் சரிவரும். நல்ல சப்பாத்துப் போடுங்கள், வீட்டுக்குள்ளேயும்.

ஓய்வுபெற்ற பிசியோ:

தம்பி, உமக்கு வயது இருபது சொச்சம் இருக்கும், ஒரு பக்கம்தான் உடைந்திருக்கும். இரண்டு பக்கமும் உடைந்த காலுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. சப்பாத்துச் சொன்னது நல்லது.

பிள்ளை, முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்தவள் நான். உங்கள் காலைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

டொக்டர் சொன்னது பொய் இல்லை. அவர் எலும்பைப் பற்றிச் சொன்னார். எலும்பு ஒட்ட அநேகமாக ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. ஆனால் அந்தக் காலத்தில் கால் சும்மா கிடந்ததால் கெண்டைச் சதை வற்றிவிட்டது, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிவிட்டது, கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்புகளும் பழக்கம் விட்டுப்போய்விட்டன. இது ஒன்றும் எக்ஸ்ரேயில் தெரியாது. பின்னேர வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். ஒரு வருடம் தாண்டியும் கால் திருந்திக்கொண்டே போகும். மரத்துப்போன இடம், வெட்டும்போது தோலுக்குப் போகிற மெல்லிய நரம்பு சீண்டப்பட்டதால் வருவது. சிலருக்கு ஒரு சிறு இடம் அப்படியே நின்றுவிடும், நடைக்குத் தடை இல்லை.

இரவில் வீக்கத்தை அளப்பதை விடுங்கள். அது காலநிலை அறிக்கை மாதிரி, மனதைத்தான் கெடுக்கும். அதே டேப்பால் வேறொன்றை, கிழமைக்கு ஒரு தரம் மட்டும் அளந்து பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று வலது காலை முன்னால் வையுங்கள். குதி நிலத்தை விட்டு எழும்பாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் காலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துத் திரும்பத் தொடுங்கள். தொட முடிகிற கடைசித் தூரத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை அங்குலம்? இடது காலிலும் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் நண்டு மாதிரி இறங்குவதற்குக் காரணம். சமதரையில் நடப்பதைவிடப் படி இறங்கக் கணுக்கால் முன்னுக்கு அதிகம் மடிய வேண்டும். அதனால்தான் இறங்குவது கடைசியாக வரும். அதுவரை ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நொந்த கால் முன்னே.

வீட்டில் காலால் மிதிக்கிற பழைய மெஷின் இருக்கிறதா? இருந்தால் வாரைக் கழற்றிவிட்டு, தைக்காமல், இரண்டு பாதத்தையும் வைத்து ஐந்து நிமிடம் ஆட்டுங்கள். குதி, விரல், குதி, விரல். வேடிக்கையாகச் சொல்லவில்லை. முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களுக்குக் காலால் மிதிக்கும் இயந்திரங்களைக் கொடுத்தே மூட்டைப் பழக்கினார்கள். உங்கள் மின்சாரப் பெடலில் குதி ஊன்றி நிற்க, விரல் பக்கத்தை மணிக்கணக்காகத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். முன்பக்கம் இழுப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். பெடலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழும்புங்கள்.

அப்புறம், குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதியையும் ஒன்றாகத் தூக்கி மெல்ல இறக்குவது. அது இலேசாகும்போது பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் மாற்றுங்கள். பல் தீட்டும்போது வலது காலில் மட்டும் நிற்பது, பேசினில் ஒரு விரலாவது பட்டபடி. செய்த பிறகு வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வழமையைவிட வீங்கியிருந்தால் கூடிப்போய்விட்டது, அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். காலைக் கதிரையில் தூக்கி வைத்தால் போதாது. படுத்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே வரும்படி தலையணை அடுக்குங்கள்.

முறிவு நெரிவு பார்க்கிற நாட்டு வைத்தியரிடம் காட்டி இழுத்துவிடச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். உள்ளே பிளேட் இருக்கிற காலை யாரும் இழுக்கவோ முறுக்கவோ கூடாது. ஆறிய தழும்பில் எண்ணெய் தொட்டு விரலால் மெல்ல உருட்டலாம், நல்லது.

இவை மட்டும் வழமை இல்லை: கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, தழும்பில் நீர் அல்லது சீழ், காய்ச்சல், தோல் நிறம் மாறி உடுப்புப் பட்டாலே எரிவது, குறைந்து வந்த வலி திரும்பக் கூடுவது. இதில் ஒன்று என்றாலும் அடுத்த கிளினிக் திகதிவரை இருக்க வேண்டாம். முதல் இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கே, அந்த நிமிடமே.

தெஹிவளை நானா:

தங்கச்சி, எனக்கு 58, சீனி வருத்தமும் இருக்கிறது. அதனால் எலும்பு ஒட்டவே நாலு மாதத்துக்கு மேல் போனது. இப்போது பதினாலு மாதம். உங்கள் ஐந்தாம் மாதத்தில் நான் உங்களைவிட மோசம்.

எனக்கு அளவுகோல் தொழுகை. தொழுகையில் அத்தஹிய்யாத் ஓத உட்காரும் இருப்பில் வலது பாதத்தை விரல் மடித்து நட்டு வைக்க வேண்டும். பள்ளியில் பின் வரிசையில் கதிரை போட்டுத்தான் தொழுதேன். பக்கத்தில் எண்பது வயது அப்பா ஒருவர் தரையில் இருந்து சுளுவாக எழும்புவார். அதைப் பார்க்கிற வெட்கம் வலியைவிடப் பெரிது. பத்தாம் மாதம் ஒருநாள் சுபஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குக் கதிரையை எடுக்காமல் நின்றேன். இருப்பு முழுதாக வரவில்லை, பாதி வந்தது. யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், அவ பிளேன்டியோடு சக்கரைத் துண்டு இரண்டு கூடத் தந்தா, சீனியைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னுமா?" என்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கம்பு வாங்குங்கள். எனக்கு ஏழாம் மாதத்திலேயே கம்பு தேவைப்படவில்லை, ஆனாலும் ஒரு வருடம் கொண்டு திரிந்தேன். காலுக்கு இல்லை, சனத்துக்கு. கம்பு இல்லாமல் 101இல் ஏறினால் கண்டக்டர் "நகின்ன, நகின்ன" (ஏறுங்கள், ஏறுங்கள்) என்று முதுகில் தட்டுவான், பஸ் நிற்காமலே இறக்கிவிடப் பார்ப்பான். கம்பைக் கண்டால் டிரைவரே பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு இருப்பான். கம்பு இடது கையில், நொந்த காலுக்கு எதிர்ப்பக்கம். நான் முதல் இரண்டு மாதமும் பிழையான கையில் பிடித்துத் திரிந்தேன்.

மழை மணத்துக்கு நான் சிரிக்கவில்லை. நான் விழுந்தது மாபிள் தரையில். இன்னும் மாபிளைக் கண்டால் சுவர் ஓரமாகத்தான் போவேன்.

பம்பலப்பிட்டி தையல்காரி:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

அக்கா, சுவர்க் கணக்கு: இடது நாலு அங்குலம். வலது முதல் கிழமை ஒன்று, போன கிழமை ஒன்றே கால், நேற்று ஒன்றரை. கால் அங்குலம் என்றால் என்ன என்று தையல்காரிக்குச் சொல்லத் தேவையில்லை. பிளவுஸ் கையில் கால் அங்குலம் பிசகினால் என் வீட்டு வாசலில் சண்டை நடக்கும்.

அம்மாவின் பழைய சிங்கர் மெஷின் மூலையில் பூச்சட்டி வைக்கிற மேசையாக இருந்தது. பூச்சட்டியை இறக்கி, வாரைக் கழற்றி, காலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஆட்டுகிறேன். மகள் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். அது முடிந்து எழும்பும்போது அந்த மரக்கட்டை நடை மூன்று நாலு அடியோடு போகிறது. இடது காலால் பெடல் மிதித்தும் பார்த்தேன். தையல் பஸ் ரூட் மாதிரி வளைந்து போனது, விட்டுவிட்டேன்.

தீபாவளிக்குப் பதினொரு பிளவுஸ்தான் எடுத்தேன். மற்றவர்களை வெள்ளவத்தையில் தைக்கிற ஒரு பிள்ளையிடம் அனுப்பினேன். திரும்பி வருவார்களோ தெரியாது. அதைப் பற்றி ஒருநாள் இரவு அழுதேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

படி: மேலே இருந்து முதல் பதினாறு முகம் முன்னால் பார்த்தபடி இறங்குகிறேன். மிச்சம் முப்பத்திரண்டும் நண்டுதான். முந்தாநாள் பின்னேரம் மழை வந்தது. மகள் உடுப்பு எடுக்க ஓடினாள். நான் பின்னாலேயே போய்த் திருப்பத்தில் நின்று, "ஆறுதலாக, ஆறுதலாக" என்று கத்திக்கொண்டிருந்தேன். பாசியை இன்னும் யாரும் தேய்க்கவில்லை. நேற்றுத்தான் பிளீச்சிங் பவுடர் வாங்கி வரச் சொன்னேன்.

நானா, கம்பு வாங்கிவிட்டேன். அடி ரப்பர் ஈரத் தரையில் வழுக்குமா? எவ்வளவு நாளைக்கு ஒருதரம் மாற்றுவீர்கள்?

தெஹிவளை நானா:

ரப்பரைத் திருப்பிப் பாருங்கள் தங்கச்சி, அடியில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். அது தேய்ந்து மொழுமொழு என்று வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பார்மசியில் ரப்பர் தனியாகவே கிடைக்கும். போகும்போது கம்பைக் கையோடு கொண்டுபோங்கள், நான் அளவு தெரியாமல் வாங்கி இரண்டு தரம் திரும்பிப் போனேன்.